துடைத்தெறிந்த மழை

எண்பதுகளில் வந்த ஜப்பானிய கார்ட்டூன் படம் ஒன்று, பழைய படங்களைப் புதுப்பிக்கும் அந்த ஸ்டூடியோவில் ஓடுகிறது. மழை கொட்டும் சத்தம் அறையை அதிர வைக்கிறது. திரையில் ஒரு துளிகூட இல்லை. மொட்டை மாடியில் நிற்கும் சிறுமி, பளிச்சென்ற வானத்தின் கீழே குடையை மடக்குகிறாள். அக்காவின் விரல்கள் மேஜை விளிம்பை இறுகப் பிடிக்கின்றன. பிலிமில் விழுந்த கீறல்களைக் கையால் நீக்கச் சொன்னதற்கு, தம்பி முழுப் படத்தையும் கம்ப்யூட்டரிடம் விட்டிருக்கிறான். கீறல் எது, மழை எது என்று அதற்குத் தெரியவில்லை.

"மழை எங்கேடா?"

"கீறலோட போயிடுச்சுக்கா. யாரு கவனிக்கப் போறாங்க?"

"அழுறது அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு நனையுறாடா அவ! இப்போ காத்து வாங்குற மாதிரி நிக்கிறா. கண்ணீரையும் சேர்த்துத் துடைச்சிருக்கியே, படுபாவி!"

"பொம்மைக்கா அது! இன்னைக்கு அனுப்பலைன்னா இந்த வேலையே நம்மகிட்ட இருக்காது."

வாடிக்கையாளருக்குப் படம் போய்க்கொண்டிருக்கிறது. திரையோரத்தில் நீலக் கோடு நிரம்பி வருகிறது. அக்கா மவுஸைப் பிடுங்கி அதை நிறுத்துகிறாள். அவன் தடுப்பதற்குள் போனையும் எடுத்துவிடுகிறாள்.

"சார், படம் இன்னைக்கு வராது. என் தம்பி மழையைத் துடைச்சுட்டான்."