எலுமிச்சம்பழம் பாத்த காவல்

ஒர்க்‌ஷாப்புல ஒரு பழைய காரு பானெட்டைத் தொறந்துக்கிட்டு நின்னுச்சு. தண்ணி ஊத்தாமலே ஓட்டி ஓட்டி, சூடேறி இஞ்சின் சிக்கிக்கிடுச்சு. இதையே சரி பண்றதா, இல்ல தூக்கிட்டு வேற இஞ்சின் வெக்கிறதான்னு வெளிய ஒரே பேச்சு. உள்ள இருந்த இஞ்சினுக்கு அது சரியாக் கேக்கல.

"என்னப்பா சொல்றாங்க?"ன்னு, முன்னாடி மொளகாயோட தொங்கிக்கிட்டிருந்த திருஷ்டி எலுமிச்சம்பழத்தைக் கேட்டுச்சு.

எலுமிச்சம்பழம் மெக்கானிக் மாதிரியே தொண்டையைச் செருமிச்சு. "'கஷ்டம் சார், எடைக்குப் போட்டுருங்க!' இப்படித்தாண்ணே சொல்றாரு."

"ஐயோ, நெசமாவா?"

"பின்ன? நீங்க பேரீச்சம்பழத்துக்குத்தான் போவீங்க. என்னைப் பாருங்க, வெள்ளிக்கிழமைதான் வந்தேன், எப்படிப் பளபளன்னு இருக்கேன்!"

அப்ப கார் ஓனர் துரைக்கண்ணு மெக்கானிக்கையும் கூட்டிக்கிட்டுப் பக்கத்துல வந்தாரு. இஞ்சின் கண்ணை மூடிக்கிச்சு.

"இதையே சரி பண்ணிருங்க பாய். இஞ்சின் மேல குத்தமில்ல. இந்தப் பழம்தான் சரியில்ல. இது தொங்கியும் கண்ணு பட்டிருக்கே!"ன்னு பழத்தைப் பிச்சு ரோட்டுல வீசிட்டு, புதுசு ஒண்ணைக் கட்டினாரு.

இஞ்சினுக்கு அப்பவும் பயம் போகல. புதுப் பழத்துக்கிட்ட மெதுவா, "தம்பி, உள்ள சூடு காட்டுற முள்ளு ஒண்ணு இருக்கு. அது ஏறுதான்னு பாத்துச் சொல்லுப்பா. இந்த மனுசன் பாக்க மாட்டாரு"ன்னுச்சு.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே"ன்னுச்சு பழம். "எனக்குத் தொங்கத்தான் தெரியும்."