ஷ்ரவணுக்கு ஒரு வார்த்தை

அடுத்தவள் புருஷனுக்கு வந்த மெசேஜை அன்றைக்கும் மாரீஸ்வரி திறந்து படித்துவிட்டாள். இது இருநூற்றுப் பதினோராவது.

தப்பு அவளுடையது மட்டுமில்லை. அவள் குடியிருக்கும் லேபர் கேம்ப் பகுதியில் ஒரு கடையில் வாங்கிய சிம், முன்பு யாரோ ஷ்ரவண் வைத்திருந்த நம்பர். வாங்கிய மறுநாளே "டேய் ஷ்ரவண், இன்னிக்கு வார்த்தை" என்று ஸ்ரீலேகா என்பவளிடமிருந்து வந்து விழுந்தது. போட்டோவில் கல்யாண மாலையோடு இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தினமும் ஒரு ஆங்கில வார்த்தை, அதற்கு ஹிந்தியில் அர்த்தம், அது எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி, கடைசியில் ஒரு உதாரணம். ஏதோ அகராதி ஆப்பில் எழுதுகிறவள் என்று பெயருக்குக் கீழே போட்டிருந்தது. எழுதியதை முதலில் புருஷனுக்கு அனுப்புகிறாள் போல.

அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. எத்தனை கோபத்திலும் பெண்டாட்டி 'சாப்பிட்டாச்சா' என்றாவது கேட்டுவிடுவாள். இவள் ஒரு நாளும் கேட்டதில்லை. பெரிய சண்டை, இவள் பயங்கர ரோஷக்காரி என்று மாரீஸ்வரி முடிவு கட்டிவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் வார்த்தை நின்றுவிடும். முனிசிபல் பள்ளியில் ஹிந்தியில் படித்தவளுக்கு, செம்பூர் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜை வேலையை வாங்கிக் கொடுத்ததே அந்த வார்த்தைகள்தான். வாயை மூடிக்கொண்டு படித்தாள்.

இன்றைய வார்த்தை 'நம்ப்'. ஹிந்தியில் சுன்ன், சூன்யத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அதன் வேருக்கு 'எடுக்கப்பட்டது' என்று பொருள். உதாரணம்: 'எல்லாம் மரத்துவிட்டது, எங்கே வலிக்கிறது என்றே தெரியவில்லை.'

இதுவரை உதாரணமெல்லாம் மாம்பழம், ரயில், மழை என்றுதான் இருக்கும். மாரீஸ்வரிக்குப் பகீரென்றது. தன் வேலைக்காக ஒரு குடும்பத்தையே கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பயந்துபோனாள். ஊசி போட்டுக்கொண்டு தாடையைத் தடவியபடி காத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, மாடிப்படிக்கு வந்து அந்த நம்பரைக் கூப்பிட்டாள்.

ஒரே மணியில் எடுத்தாகிவிட்டது. ஆனால் ஹலோ இல்லை. கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"யக்கா, நான் ஷ்ரவண் இல்லக்கா. எம்பேரு மாரீஸ்வரி. இந்த நம்பரு எனக்கு வந்து ஏழு மாசமாச்சு."

"சொல்லும்மா."

அந்தக் குரலில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாரீஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்க அனுப்புனது ஒண்ணுகூட அவுகளுக்குப் போவலக்கா. எல்லாத்தையும் நாந்தான் படிச்சேன். அவுக பாத்துட்டும் பதில் போடலன்னு நெனச்சிருப்பிய."

"டிக் நீலமானப்பவே யாரோ படிக்கறான்னு தெரிஞ்சுது. அது போறும்னு இருந்தேன்."

"அப்படிச் சொல்லாதிய. அவுக புது நம்பர வாங்கி ஒரு போன் போடுங்க. புருஷன் பொஞ்சாதின்னா சண்டை வரத்தான் செய்யும், எல்லாஞ் சரியாயிரும்."

"எங்களுக்குள்ள சண்டையே கிடையாதே."

"பெறவு அவுக ஏங்க்கா நம்பர மாத்துனாவ?"

தட்டும் சத்தம் நின்றது.

"அவன் மாத்தலைம்மா. நான்தான் க்ளோஸ் பண்ணினேன், டெத் சர்டிஃபிகேட் குடுத்து."