உள்ளே என்ன இருக்கிறது?

பூரணி என்ற அணில் தன் மரப்பொந்தில் இருந்தபடியே இலவம்பஞ்சுத் தலையணை தைத்து, செல்போன் வழியாகக் காடு முழுக்க விற்றுவந்தது. "நல்ல பஞ்சு. ஒன்றிரண்டு விதை உறுத்தலாம். வாரத்துக்கு இரண்டுதான் தைக்க முடியும்" என்று படத்துக்குக் கீழே எழுதிப் போடும்.

பக்கத்து வளை எலிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏன்க்கா, இப்படி எழுதினா எவன் வாங்குவான்?" என்று கேட்டுவிட்டுத் தானும் ஒரு கடை போட்டது. "தலை வைத்ததும் தூக்கம்! இன்று மட்டும் பாதி விலை!" என்று தினமும் எழுதியது. ஒரே வாரத்தில் நூறு தலையணை போயிற்று. உள்ளே இருந்ததெல்லாம் வைக்கோல்.

எட்டாம் நாள், கழுத்துச் சுளுக்கோடு கரடி எலியைத் தேடி வந்தது. எலி பூரணியின் பொந்துக்கு ஓடி, பஞ்சு அடைத்து வைத்திருந்த உறைக்குள் புகுந்துகொண்டது. "அக்கா, காட்டிக் கொடுத்துடாதீங்க!"

பூரணிக்கும் பாவமாகத்தான் இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தது. ஆனால் பின்னாலேயே வந்த கரடி அந்தத் தலையணையையே தூக்கி, "இதையாவது வாங்கிக்கிறேன். உள்ள என்னம்மா இருக்கு?" என்றது.

வாடிக்கையாளர் கேட்டுவிட்டார். பூரணி வழக்கம்போல் உள்ளதைச் சொன்னது.

"முக்கால்வாசி பஞ்சுதான், அண்ணே. மீதி எலி."

கரடி சிரித்த சிரிப்பில் சுளுக்கே விட்டுப்போயிற்று. எலி மட்டும் இன்னும் பூரணியோடு பேசுவதில்லை. நூறு தலையணையையும் பிரித்துப் பஞ்சு அடைத்து முடிக்கும்வரை அதற்கு நேரமும் இல்லை.