இரண்டடித் தண்ணீர்

படகு வாடகைக்கு, துடுப்பு வாடகைக்கு. துடுப்புப் பிடிக்கிற கையுறை மட்டும் புதுசு.

சாப்பாட்டு மேசை முழுக்கச் சாமான் பரப்பிக் கிடந்தது. முதலாளியின் மகனும் அவனுடைய மூன்று கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளைக் காரில் ஏற்றுவதற்காக டிரைவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏற்றச் சொல்லத்தான் இன்னும் யாருக்கும் நேரம் வரவில்லை. அவன் சுவரோரம் நின்றான்.

வெயிலுக்கு ஒரு களிம்பு. அந்தக் களிம்பைக் கழுவ ஒரு களிம்பு. தலை துவட்ட ஒரு துண்டு, காலைத் துடைக்க அதைவிட உசத்தியான இன்னொரு துண்டு.

ஒன்பது பத்துக்கு ஆற்றில் இறங்குவது. ஒன்பது நாற்பதுக்குக் கொறிப்பது. பத்தேகாலுக்குப் போட்டோ. ரயில் ஓட்டுகிறவன்கூட இப்படி நிமிஷம் பார்ப்பதில்லை.

யார் படகின் முன்னால் உட்காருவது என்று முடிவுசெய்ய மட்டும் அரை மணி நேரம் ஆனது.

மொத்தம் பதினோரு கிலோமீட்டர். தண்ணீர் போகிற பக்கமே போகிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே ஆறு கொண்டுபோய் விட்டுவிடும். இதற்குத்தான் போன வாரம் முழுக்க நாலு பேரும் மொட்டைமாடியில் தண்டால் எடுத்தார்கள்.

அதே ஆற்றில் டிரைவர் பதினாறு வருஷம் கிடந்தவன். மூச்சைப் பிடித்து மூழ்கி, அடியில் கிடக்கிற மணலை வாளியில் அள்ளி மேலே கொண்டுவருகிற வேலை. சாயங்காலம் ஆனால் காதுக்குள் வண்டு குடைகிற மாதிரி இருக்கும். அதற்கு யாரும் களிம்பு தரவில்லை. போன வருஷம்தான் முதலாளி அவனைத் தண்ணீரிலிருந்து தூக்கி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்தார். யோகக்காரன் என்றார்கள் கூட வேலை பார்த்தவர்கள்.

மகன் ஒரு வரைபடத்தை விரித்தான்.

"அப்பா பீரோவுல இருந்துச்சு. கவர்மென்ட் சீல் வச்சது. போன்ல வர்ற மேப்பெல்லாம் இதுக்கு முன்னால தூசு."

மூன்றாவது வளைவில் விரலை வைத்தான்.

"இங்கதான் சாப்பாடு. தண்ணி ரெண்டடிதான். லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டி வீசிட்டு அப்படியே குதிச்சிடலாம்."

நாலு பேரில் ஒருவனுக்கும் நீச்சல் தெரியாது.

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் படம் வரைந்த லட்சணம் அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அளவுக் கயிறு பிடிக்க அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கயிற்றை யாரும் அவிழ்க்கவே இல்லை. அளக்க வந்த அதிகாரி இதே மேசையில், இதே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, முதலாளி சொல்லச் சொல்ல எண்களைப் போட்டார். முதலாளி அளவுக்கு மேல் மணல் தோண்டவில்லை என்று காட்ட வேண்டுமே. வளைவுக்கு வளைவு ரெண்டடி.

மூன்றாவது வளைவு கரையில் நின்று பார்த்தால் ரெண்டடி மாதிரிதான் இருக்கும். உள்ளே நாலு ஆள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றாலும் மேலே இருக்கிறவன் கைகூட வெளியே தெரியாது.

ஊரை ஏய்க்க எழுதின பொய்யை வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் நம்பிவிட்டான். முத்திரையைப் பார்த்தால் நம்புகிற அளவுக்குப் படித்த பிள்ளை.

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முதலாளி, பேப்பரை இறக்கினார்.

"அந்த இடம் வேணாம். பாசி."

"வழுக்கினா விழுந்து எந்திரிப்போம்பா. ரெண்டடிதானே."

"பாம்பு கெடக்கும்."

"நாங்க பாக்காத பாம்பா அங்கிள்?" என்றான் கூட்டாளிகளில் தொப்பிக்காரன். வீட்டுக்குள்ளேயே தொப்பி.

"கார் கெடையாது, போ."

"இவன் வண்டியில போயிக்கிறோம்," என்று மகன் தொப்பிக்காரனைக் காட்டினான்.

எத்தனையோ அதிகாரிகளைப் பேச்சிலேயே மடக்கிய மனுஷன், பாசிக்கும் பாம்புக்கும் மேல் ஒன்றும் கிடைக்காமல் திணறினார். நிஜத்தைச் சொன்னால் நாலு பேர் காதில் விழும். நாலு பேரிலிருந்து ஊருக்குப் போகும். கடைசியில் அவர் கண் சுவர்ப்பக்கம் வந்தது.

"டேய், நீ அங்கதானே கெடந்தே. எவ்வளவு ஆழம்னு நீ சொல்லு."

ஒரு சொல்தான். சொன்னால் மகன் பிழைத்துக்கொள்வான். நாளைக்கு முதலாளி, டிரைவர் ஏதோ உளறினான் என்று கையைக் கழுவிக்கொள்வார்.

டிரைவர் படத்தைப் புதுசாகப் பார்க்கிறவன்போல எட்டிப் பார்த்தான்.

"ரெண்டடின்னு போட்டிருக்கு முதலாளி. கீழ உங்க கையெழுத்தும் இருக்கு. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?"

"பாத்தீங்களாப்பா," என்று மகன் அந்த வளைவைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டான். பக்கத்தில், தலைகீழாகக் குதிக்கிற பொம்மை ஒன்றும் வரைந்தான்.

முதலாளி அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பதடிடா," என்றார். பாதிதான் வெளியே வந்தது.

"கேக்கல முதலாளி," என்றான் டிரைவர்.

"முப்பதடி. நம்ம ஆளுங்க தோண்டினது. படம் பொய்."

டிரைவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அந்த வீட்டில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

போன வருஷம் அந்த மூன்றாவது வளைவில் மணல் அள்ள மூழ்கின ஒருவன் மேலே வரவில்லை. ரெண்டடித் தண்ணீரில் குடிகாரன்தான் சாவான் என்று, இதே படத்தை நீட்டி, முதலாளி போலீஸில் எழுதிக் கொடுத்தார்.

டிரைவரின் தம்பி டீகூடக் குடிக்கமாட்டான்.