திரும்பும் தேதி

"ஒரு கால்புள்ளிகூடத் தப்பில்லையேய்யா! போற தேதி, திரும்பும் தேதி, எல்லாம் முத்து முத்தா எழுதியிருக்க. அப்புறம் எதுக்கு விசா இல்லைங்கறான்?"

மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு, அச்சகத்தில் புத்தகம் தைத்த பழைய சிநேகிதர் பைண்டர் கத்தினார். கையில், வந்ததும் கட்டில்மேலிருந்து எடுத்த விண்ணப்பத்தின் நகல். அதன்மேல் அன்று காலை வந்த மறுப்புக் கடிதம்.

கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்தியவர். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளமும் வாங்கிய புண்ணியவான். அங்கே வைத்த 'கால்புள்ளி' என்ற பட்டப்பெயர், அவர் ஓய்வு பெற்ற பிறகும் ஓய்வு பெறவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்கு மூன்று மாதம் போய்வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை விமானம். கதவோரம் பெட்டி, சுற்றுலாவுக்குக் கிளம்பிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றது. அதைத் தவிர அறையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆயுள் முழுக்கச் சேர்த்த அகராதிகளைக்கூடப் போன வாரம் அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டார். "மூணு மாசம் தூசி படிஞ்சு கிடக்கணுமா?" என்று அதற்குக் காரணமும் சொன்னார்.

"பையன்கிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன். 'சரிப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்'னான். பேத்தி போனைப் பிடுங்கி, 'தாத்தா, எப்ப வரீங்க?'ன்னா. சரியா கேக்கலைன்னு வெச்சுட்டேன்."

மனைவி போய் நாலு வருஷம். பேச ஆளில்லாத குறைக்குக் கால்புள்ளியார் தினமும் ரேடியோவில் செய்தி வாசிப்பவரின் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்த மனிதரும் ஒருநாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை.

பைண்டர் கடிதத்தை உரக்கப் படித்தார். "'வருகைக் காலம் முடிந்ததும் தாங்கள் நாடு திரும்புவீர்கள் என்பதில் எமக்குத் திருப்தி ஏற்படவில்லை.' எவ்வளவு திமிரு பாரு! நேர்ல கூப்பிட்டு என்னதான்யா கேட்டான்?"

"சின்னப் பையன். என் மகன் வயசுகூட இருக்காது. இங்க உங்களுக்கு யார் இருக்காங்கன்னான்."

"என்னைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. பைண்டர் ஒருத்தன் இருக்கான், மாசம் ஒரு தடவை வருவான்னு."

பைண்டர் நெளிந்தார். "பேரப் பசங்க வாசலைத் தாண்ட விட மாட்டேங்குதுங்கப்பா."

"குத்திக் காட்டலைய்யா. கேட்டான், சொன்னேன்."

"சரி, அப்புறம்?"

"திரும்பி வந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்கன்னான். பூட்டைத் திறப்பேன்னேன்."

பைண்டர் வாய்விட்டுச் சிரித்தார். "சரியான பதில்தானே!"

"அதுக்கப்புறம் என்ன பண்ணுவீங்கன்னான்."

"நீ?"

"கொஞ்ச நேரம் யோசிச்சேன். மோட்டார் போடற நேரமா இருந்தா தண்ணி பிடிச்சு வைப்பேன்னேன். குறிச்சுக்கிட்டு, தேங்க்ஸ்னான். அவ்வளவுதான்."

பைண்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "விடக் கூடாதுய்யா இதை. பேப்பர் எடு. நான் எழுதறேன்."

நாற்பது வருஷம் ஊரார் எழுதியதையெல்லாம் தைத்து ஒட்டியவர். சொந்தமாக எழுதியது லீவு லெட்டர் மட்டும்தான். ஆனாலும் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அரை மணி நேரம் காகிதத்தோடு மல்லுக்கட்டினார்.

"இந்தா. எழுத்துல தப்பிருந்தா திருத்து. விஷயத்துல கை வைக்காத."

கால்புள்ளியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

'ஐயா, இந்த மனிதர் லீவு போட்ட அன்றைக்கும் சாயங்காலம் அச்சகத்தை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவார். அவர் திரும்ப மாட்டார் என்பது அபாண்டம். மூன்று மாதம் முடிந்த மறுநாள் அவர் இங்கே நிற்பார். அதற்கு நான் பொறுப்பு.' கீழே கையெழுத்து, வீட்டு விலாசம், இரண்டு போன் நம்பர்.

'அதற்கு நான் பொறுப்பு' என்ற இடத்தில் அவர் கண் நின்றது. மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தார். பிழை ஏழு இருந்தது. ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"என்னய்யா, அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"இல்லைய்யா. எனக்காக யாரும் இவ்வளவு எழுதினதில்ல."

"அப்ப கொடு. போற வழியில தபால்ல சேர்த்துடறேன்."

பைண்டர் எழுந்து கையை நீட்டினார். கால்புள்ளியார் காகிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வேணாம்யா. உன் பேரு கெட்டுப்போகும்."

"என் பேரு எதுக்குக் கெடணும்?"

அவர் பைண்டரின் முகத்தைப் பார்க்காமல், மெல்லச் சொன்னார்.

"அந்த விசா ஆபீஸ் பையன் என்னைச் சரியாத்தான் படிச்சிருக்கான்... திரும்பி வர்ற எண்ணமே எனக்கு இல்லப்பா."