அறுபதைத் தாண்டினால் ஆபத்து

"அறுபதுல வச்சுட்டுப் போறேன். சாயங்காலம் வந்து பார்த்தா எண்பத்திரண்டு. இந்த வீட்டுல யாரோ பெட்டிக்குள்ள தண்ணி ஊத்துறாங்க" என்றாள் மெரூயெர்த்.

"பேயா இருக்கும்" என்றான் சன்ஜார், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

"விளையாடாதே. ஷுபார் வயித்துல கொப்புளம் வந்துடுச்சு. இன்னும் ஒரு வாரம் இப்படி ஈரத்துல கிடந்தா பிழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

ஷுபார் ஒரு மலைப்பாம்புக் குட்டி. மூன்று மாதத்துக்கு முன் மெரூயெர்த் மருமகளாக அல்மாட்டியின் இந்த நாலாவது மாடி வீட்டுக்கு வந்தபோது கம்பளம், மெத்தை, ஃபிரிட்ஜ் என்று வந்த சீரோடு கண்ணாடிப் பெட்டியில் அதுவும் வந்து இறங்கியது. சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். சன்ஜார் மட்டும், "பாம்பென்ன, முதலையைக் கொண்டுவந்தாலும் எனக்குச் சம்மதம்" என்று மார்தட்டினான். அந்த ஒரு பேச்சில்தான் அவள் மயங்கினாள்.

குளிர்காலத்தில் வெந்நீர்க் குழாய்களின் சூட்டில் வீட்டுக் காற்று வறண்டு மனிதர்களுக்கே உதடு வெடிக்கும். அதனால் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் தண்ணீரும் கொஞ்சம் ஈரப் பாசியும் வைத்து, ஈரப்பதம் காட்டும் மீட்டர் அறுபதிலேயே நிற்கும்படி பார்த்துக்கொள்வாள். குறைந்தால் பாம்புக்குச் சட்டை ஒழுங்காக உரியாது. கூடினால் தோல் அழுகும். மூன்று வாரமாகக் கூடிக்கொண்டே இருக்கிறது.

வீட்டில் இருப்பது மூன்றே பேர். மூன்றாவது ஆள் மாமியார் குல்ஷாரா. கடைசி மகன் வீடுதான் தாய்க்கு வீடு என்பதால் சன்ஜாரோடு இருக்கிறார். வந்த நாளிலிருந்து பாம்பைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மெரூயெர்த்துக்கு அந்த மௌனமே உறுத்தியது.

அன்று வழக்கம்போல ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பினாள். பேருந்து நிறுத்தம் வரை போய், ஒரு மணி நேரம் பனியில் கால் மரக்க நின்றுவிட்டுத் திரும்பி வந்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள்.

சன்ஜார் வேலைக்குப் போயிருந்தான். பாம்புப் பெட்டியின் மூடி திறந்திருந்தது. குல்ஷாரா ஒரு கையால் ஷுபாரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குவளையிலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கையும் களவுமா பிடிச்சுட்டேன், அத்தை."

குல்ஷாரா குவளையைக் கீழே வைத்தார். "நல்ல வெதுவெதுப்பாத்தான் ஊத்துறேன், கண்ணு."

"அதைச் சாகடிக்கத்தானே ஊத்துறீங்க? பிடிக்கலைன்னா என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம். அடியில தண்ணி தேங்கித் தேங்கித்தான் அதுக்கு வயிறு வெந்து போச்சு."

"அப்படியா? எனக்குத் தெரியாதே. துணியால ஒத்தி எடுத்துட்டா சரியாயிடுமா?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்ததும் மெரூயெர்த்துக்கு அழுகை வந்துவிட்டது. "அது சின்னக் குட்டியா இருந்ததுல இருந்து வளர்க்குறேன். உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

குல்ஷாரா ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

மாலையில் சன்ஜார் வந்ததும் பஞ்சாயத்து நடந்தது.

"ஒண்ணு அத்தை, இல்லைன்னா நானும் ஷுபாரும். யாரு இருக்கணும்னு நீயே சொல்லு" என்றாள் மெரூயெர்த்.

சன்ஜார் பெருமூச்சு விட்டான். "அம்மா கிராமத்து மனுஷி. பாம்புன்னா பயம். எல்லாம் மூடநம்பிக்கை. இந்தக் காலத்துலயும் இப்படியான்னு எனக்கே வெட்கமா இருக்கு. அம்மா, கொஞ்ச நாளைக்கு அண்ணன் வீட்டுல இருங்க. காலையில நானே கொண்டுபோய் விடுறேன்."

கடைசி மகன் வீட்டிலிருந்து தாய் மூட்டை கட்டிப் போனால் ஊர் என்ன பேசும் என்று மூவருக்குமே தெரியும். குல்ஷாரா மகனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தேநீரைக் குடித்து முடித்து, துணிகளை எடுத்து வைக்கப் போனார்.

மறுநாள் காலை, எஞ்சின் சூடாக நேரம் எடுக்கும் என்று சன்ஜார் முன்னதாகவே இறங்கிப் போனான். வழிக்குச் சாப்பிட மெரூயெர்த் பொரித்துக் கட்டிக்கொடுத்த பவுர்சாக் பொட்டலத்தை வாங்கிக்கொண்ட குல்ஷாரா, வாசலில் நின்று தயங்கினார்.

"நான் போயிட்டா கழுவ ஆளில்லை. அதனால இனி நீதான் கழுவணும். காய்ஞ்சு போச்சுன்னா நாத்தம் எடுக்கும், எறும்பு வரும். கழுவினதும் நல்லா ஒத்தி எடுத்துடு. நான் அதைச் செய்யாம விட்டதுதான் தப்பு."

"எதைக் கழுவணும்?"

"போய்ப் பாரு."

மெரூயெர்த் உள்ளே ஓடி மூடியைத் திறந்தாள். ஷுபாரின் தலையிலிருந்து கழுத்து வழியாகப் பால் வழிந்துகொண்டிருந்தது.

"பாலா? வீட்டுக்குள்ள வந்த பாம்பை அடிக்காம, தலையில பால் ஊத்தி 'போயிடு'ன்னு அனுப்பி வைக்குற அந்தப் பழைய வழக்கமா? கிளம்புற நேரத்துலயும் இதைச் செய்யாம போக மனசு வரலையா, அத்தை?"

குல்ஷாரா குனிந்து காலணியை மாட்டிக்கொண்டார். "கல்யாணமான மூணாம் மாசமே உனக்கு இது தெரிய வேண்டாம்னு பார்த்தேன். மூணு வாரத்துக்கு முன்னாடி அது வெளியே வந்து பூட்ஸுக்குள்ள சுருண்டு படுத்திருந்துச்சு. அன்னையில இருந்து தினமும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஒரு கரண்டி."

"யாரு?"

"நான் கழுவுறவ மட்டும்தான், கண்ணு. ஊத்துறவன் கீழே காரைச் சூடாக்கிக்கிட்டு இருக்கான்."