இரைச்சல் அடங்கும் திசை

ரௌனோ அன்றும் கூட்டத்துக்குத் தோளைக் காட்டிக்கொண்டு, ஹில்காவின் பக்கமே பார்த்தபடி பேஸ் கிட்டார் வாசித்தான். கொசு ஒன்று அவன் மூக்கில் உட்கார்ந்து வயிறு நிறையக் குடித்துவிட்டு, சற்று ஓய்வெடுத்துப் பறந்து போனது. அவன் முகத்தைத் திருப்பவில்லை.

ஏரிக்கரை நடன மண்டபத்தில் முந்நூறு பேர் ஜோடி ஜோடியாக டேங்கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆடாமல் நின்றவன் இல்மோ ஒருவன்தான். மேடையில் அக்கார்டியன் வாசிக்கும் ஹில்காவுக்கு இருபத்திரண்டு வருடக் கணவன். அவளுடைய வாத்தியத்தையும் நாற்காலியையும் ஊர் ஊராகச் சுமப்பவனும் அவன்தான். மற்றவர்கள் இடம் பிடித்துச் சுருதி சேர்த்து முடித்த பிறகு அவள் மேடையேறி விரலால் காட்டுவாள். காட்டிய இடத்தில் அவன் நாற்காலியை வைப்பான்.

"என்ன இல்மோ, உன் வீட்டுக்காரிய அந்தப் பய கண்ணாலயே முழுங்குறான்?" என்றாள் சாசேஜ் சுட்டு விற்கும் கிழவி. "கடுகுச் சாந்து இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

"வேணாம். ஏற்கெனவே எரியுது."

இடைவேளை வந்ததும் இல்மோ நேராக மேடைக்குப் போய் ரௌனோவை மடக்கினான்.

"ஏன்டா, ஆறு மாசமா பாக்குறேன். எதுக்கு என் பொண்டாட்டியவே பாத்துக்கிட்டு நிக்கிற?"

"ஐயையோ, நான் எங்கண்ணே பாத்தேன்? மேடையில கண்ணாடி போட மாட்டேன். நாலடிக்கு அந்தப் பக்கம் எனக்கு எல்லாமே மூடுபனி. நான் இரைச்சலுக்காகத் திரும்பி நிக்கிறேன்."

"உங்க சாவோ சீமைக்காரன் எவன்டா நேரா பதில் சொல்லியிருக்கான்!"

"நீங்களே கேளுங்க."

ரௌனோ கிட்டாரை மாட்டி ஒலிபெருக்கியைத் திறந்தான். தலைக்கு மேலே 'பெண்கள் முறை' என்ற விளக்குப் பலகை எரிந்துகொண்டிருந்தது. அது எரிகிற வரை பெண்கள்தான் ஆண்களை ஆடக் கூப்பிட வேண்டும். அந்த விளக்கின் மின்சாரம், கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் ஒலியை வாங்கும் பிக்கப் சுருளில் புகுந்து, மாட்டுத் தொழுவத்து ஈக்களெல்லாம் மாநாடு கூட்டியதுபோல் உறுமியது. கூட்டத்தைப் பார்த்து நின்றான், உறுமியது. கொஞ்சம் சாய்ந்தான், அப்போதும் உறுமியது. இடது மூலையில் இருந்த ஹில்காவின் காலி நாற்காலியைப் பார்த்துத் திரும்பினான். அடங்கிவிட்டது.

"பழைய பிக்கப்ணே, ஒத்தைச் சுருள். மண்டபத்துக்கு மண்டபம் அடங்குற திசை வேற. போனதும் மொதல்ல சுத்திச் சுத்தி அதைத்தான் கண்டுபிடிப்பேன். அப்புறம் ஆட்டம் முடியிற வரைக்கும் கழுத்த அசைக்க முடியாது."

"அதெப்படிடா எல்லா ஊர்லயும் என் பொண்டாட்டி உட்கார்ற பக்கமே அடங்குது?"

ரௌனோ தலையைச் சொறிந்தான். "அதான் எனக்கும் புரியலண்ணே."

இல்மோவுக்குப் புரிந்தது. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவனிடமே இரைச்சல் கதை சொல்கிறான்; அந்த இரைச்சலையே பிடுங்கிவிட்டால் சாக்கு ஏது?

"திங்கக்கிழமை கிட்டாரை என் கடைக்குக் கொண்டு வா."

கொண்டு வந்தான். இல்மோ பழைய பிக்கப்புகளைப் பிடுங்கிவிட்டு, இரட்டைச் சுருள் பிக்கப்புகளை எடுத்தான். எதிரும் புதிருமாகச் சுற்றிய இரண்டு சுருள்கள். ஒன்றில் ஏறும் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும்; தந்தியின் நாதம் மட்டும் மிஞ்சும். புதியவை அகலம் கூட. மரத்தைக் குடைய வேண்டியிருந்தது. ரௌனோவின் கிட்டாரில் உளியை வைத்துத் தட்டத் தட்ட, இல்மோவின் ஆறு மாதப் பொறாமை சீவல் சீவலாகத் தரையில் விழுந்தது.

கம்பிகளைப் பற்றவைத்து முடித்ததும் கடையில் இருந்த டியூப் லைட், பழைய குளிர்பெட்டி, மூன்று தொலைக்காட்சிகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டான். கிட்டார் மூச்சுவிடவில்லை. அந்த அமைதியில், எதிர்வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை கரைகிற சத்தம் கேட்டதாக இல்மோ இன்றுவரை சாதிக்கிறான்.

"என்ன தரணும்ணே?"

"ஒண்ணும் வேணாம். இனிமே நாலு பக்கமும் பாத்து வாசி. ஒரே பக்கம் பாத்தே, உளி உன் மேல பாயும்."

சனிக்கிழமை ரௌனோ கூண்டிலிருந்து விட்ட கோழிபோல மேடையில் திரிந்தான். கூட்டத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், டிரம் அடிப்பவனைச் சுற்றி வந்தான். யாரோ 'பெண்கள் முறை' பலகையை எரியவிட்டுச் சோதித்தார்கள். கிட்டார் வாயே திறக்கவில்லை.

இல்மோவின் நெஞ்சு ஏரித் தண்ணீர்போல் குளிர்ந்தது. அநியாயமாக அவனைச் சந்தேகித்துவிட்டோமே என்றுகூட நினைத்தான். வழக்கம்போல எல்லாரும் சுருதி சேர்த்து முடித்த பிறகு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஹில்காவின் பின்னால் மேடையேறினான்.

"எங்க வைக்கட்டும்?"

ஹில்காவின் விரல் பாதி உயர்ந்து அந்தரத்தில் நின்றது. அவள் ரௌனோவைப் பார்த்தாள். ரௌனோ இடம் வந்தான், வலம் போனான், மறுபடி இடம் வந்தான். நாற்காலியோடு நிற்பது யார் என்பதே மறந்துபோய், எரிச்சலோடு சொன்னாள்:

"அவன் எந்தப் பக்கம் பாத்து நிப்பான்னு தெரியாம எங்கன்னு காட்டுறது?"